கரையான் அரித்த நாவல் மரம்

ஆற்றைக் கடக்க ஓடம் ஒன்றே இருந்த காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். குறுங்காவூரில் மருதையன் என்றொரு குடியானவன் வாழ்ந்தான். அவன் கொல்லையில், வேலியை ஒட்டி ஒரு நாவல் மரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பூவாயியின் கத்தரித் தோட்டம். அந்தக் காயை விற்றுத்தான் அவள் பிழைத்தாள்.

ஒரு கோடையில் மரத்தின் அடியைக் கரையான் அரித்தது. மரம் தன் பக்கம் சாய்வதாகப் பூவாயி வந்து சொன்னாள். பார்க்கலாம் என்றான் மருதையன். ஆனி மாதம் மறுபடி வந்தாள். பழம் ஓயட்டும் என்றான். ஆடிக் காற்று வலுத்ததும் மூன்றாம் முறை வந்தாள். என் மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று அனுப்பிவிட்டான். அவள் போனபிறகு அவனும் மரத்தை அண்ணாந்து பார்க்காமல் இல்லை.

நாலு நாளில் மரம் விழுந்தது. வேலி நொறுங்கியது. திறந்த வழியில் ஆடுகள் புகுந்து, ஒரு செடி மிச்சமில்லாமல் மேய்ந்துவிட்டன. மருதையனுக்கு உள்ளூர உறுத்தியது. ஆனாலும் காற்றின் செயலுக்குத் தான் பொறுப்பில்லை என்றே ஊராரிடம் சாதித்தான்.

ஊர் ஊராக வழக்குக் கேட்டு வந்த அரசி வெண்கோதையிடம் பூவாயி முறையிட்டாள். அரசி நேரே மருதையன் கொல்லைக்கு வந்தாள்.

"நல்ல மரம் காற்றில் விழுந்தால் யார்மீதும் குற்றமில்லை. இது கெட்ட மரம் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது தாயே. பூவாயி பயந்த சுபாவம். அவள் பேச்சை நான் நம்பவில்லை."

அரசி சுற்றிலும் பார்த்தாள். விழுந்த மரத்தடியில் காய்ந்த சாணமும் மாடு கட்டித் தேய்ந்த முளைக்குச்சியும் கிடந்தன. மருதையனின் பசுவோ கொல்லையின் மறுகோடியில், உச்சி வெயிலில் நின்றது.

"நிழலில் கட்டியிருந்த பசுவை எப்போது மாற்றினாய்?"

"காற்று வலுத்த அன்று, தாயே."

"ஏன்?"

மருதையன் பசுவைப் பார்த்தான், பூவாயியின் வெறும் பாத்திகளைப் பார்த்தான்.

"மரம் விழுந்துவிடும் என்றுதான்" என்றான், தலையைக் குனிந்தபடி.

வேலியை அவனே கட்ட வேண்டும், செடியை அவனே நட வேண்டும், காய் வரும்வரை பூவாயி வீட்டு அடுப்பு எரிய அவனே நெல் அளக்க வேண்டும் என்று அரசி தீர்ப்புச் சொன்னாள். மருதையன் மூன்றையும் செய்தான்.

வரப்போகும் ஆபத்தை அறிந்து தன் உடைமையை மட்டும் ஒதுக்கிக்கொள்கிறவன், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குத் தானே பொறுப்பாளி.