மடையனுக்குப் புரிந்த ஏடு

முன்னொரு காலத்தில், மழை ஒழுங்காகப் பெய்து ராஜாக்கள் ஒழுங்கில்லாமல் ஆசைப்பட்ட நாளில், ஒரு ராஜாவுக்கு எல்லாத் தொழிலுக்கும் நூல் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏரிப் பாசனத்துக்கு நூல் எழுதியவர் ஆஸ்தானப் பண்டிதர் அகண்டேசுவரர்.

"ஜலநிர்க்கமனத் துவாரத்தின் ஊர்த்துவ கபாடத்தை உத்தாபனம் செய்க" என்று முதல் வரியைச் சபையில் வாசித்தார்.

"ஐயா, இதைப் படித்து முடிப்பதற்குள் கரை உடைந்துவிடும்" என்றான் விகடகவி பனையாண்டி. சபை சிரித்தது. பண்டிதருக்குச் சுருக்கென்றது.

"அரசே, கலைச்சொல் இல்லாதது சாஸ்திரம் ஆகாது. பனையாண்டியே எழுதட்டும். வரிக்கு இரண்டு கலைச்சொல் வேண்டும். அதே சமயம், மடையனுக்கும் புரிய வேண்டும்."

"நல்ல யோசனை. எட்டு நாள் தருகிறோம். தவறினால் நாட்டை விட்டுப் போய்விடு" என்றார் ராஜா.

மூன்று நாள் பனையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. எளிதாக எழுதினால் கலைச்சொல் இல்லை. கலைச்சொல் போட்டால் தனக்கே புரியவில்லை. நாலாம் நாள் ஏரிக்கரைக்குப் போனவன், எட்டாம் நாள் ஓர் ஏட்டோடும் ஒரு மனிதரோடும் சபைக்கு வந்தான்.

"குமிழியில் நீரோடியைத் திற. சேறோடியில் வண்டல் அடைத்தால் நீக்கு. கலிங்கு வழிந்தால் தூம்பை மூடாதே" என்று ஏட்டை வாசித்தான்.

ராஜா பண்டிதரைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத பண்டிதர் தொண்டையைச் செருமினார்.

"நீரோடி, நீரில் ஓடுவது. ஆகவே மீன். சேறோடி, சேற்றில் ஓடும் தவளை. கலிங்கு என்பது கலிங்க நாடு."

"தவளையில் வண்டல் அடைத்தால் நாம் ஏன் நீக்க வேண்டும்?" என்றார் ராஜா.

பனையாண்டியோடு வந்தவருக்குப் பொறுக்கவில்லை. "அய்யோ சாமி! தூம்புன்னா கரைக்கு அடியில தண்ணி போற குழாய். குமிழின்னா ஏரிக்குள்ள அது மேல நிக்கிற கல்கூடு. தண்ணி எறங்குற மேல் ஓட்டை நீரோடி. சேறு போற கீழ் ஓட்டை சேறோடி. ஏரி ரொம்பினா தானா வழியுற எடம் கலிங்கு. அன்னாடம் சொல்றதுதானுங்களே!"

"யார் இவர்?"

"மாசிலான், அரசே. ஏரி மடையைத் திறந்து மூடுகிறவர். பண்டிதர் கேட்ட மடையர் இவர்தான்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "நான் சொன்னது அறிவில்லாதவனை!"

"அப்படிப்பட்டவருக்கு இந்த ஏடு புரியாதுதான் ஐயா. இப்போது கண்ணெதிரே பார்த்தோமே" என்றான் பனையாண்டி.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பனையாண்டிக்குப் போட வந்தார்.

"சொல்லெல்லாம் மாசிலானுடையது, அரசே. நான் கேட்டு எழுதினேன். அவ்வளவுதான்."

மாலை மாசிலான் கழுத்துக்குப் போனது.

"பனையாண்டி, உனக்கும் ஒரு பதவி உண்டு. மற்றத் தொழில்களுக்குப் பண்டிதர் எழுதிய நாற்பது நூல்களையும் இதேபோல் நீயே திருத்தி எழுது" என்றார் ராஜா.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பனையாண்டியின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்து ராஜா மறுபடியும் சிரித்தார்.