இடதுகை ஜெயக்கொடியும் மூணு பலகையும்

ஒரு ஊர்ல ஒரு இடதுகைக்காரி இருந்தா. பேரு ஜெயக்கொடி. என்ன, ம் காணோம்? நீ ம் சொன்னாத்தான் பெரியம்மாவுக்கு அடுத்த வரி வரும்.

"ம்."

ஆங். அந்த ஜெயக்கொடி ஒரு பாட்டுக் கச்சேரி குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்சா. பேஸ் கிட்டார்னா பெரிய கிட்டார், நாலே நாலு கம்பி. அது அடியில நின்னு டும்... டும்...னு பேசும். அது இருக்கிறது யாருக்கும் தெரியாது. இல்லாமப் போனாத்தான் என்னமோ குறையுதேன்னு தோணும். வீட்டுல உங்க தாத்தா மாதிரி வச்சுக்கோயேன்.

பேய் வராது. முன்னாடியே சொல்லிட்டேன். பேய்க் கதை கேட்டுட்டு நீ படுக்கையை நனைக்கிறதெல்லாம் இனிமே வேண்டாம்.

"ம்."

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, கச்சேரி முடிஞ்சு வேன்ல வந்துகிட்டிருந்தாங்க. வேகத்தடை. டிரைவர் பார்க்கல. வேன் ஒரு துள்ளு துள்ளுச்சு, பின் கதவு திறந்துக்கிச்சு, கிட்டார் கீழ விழுந்துச்சு. படக்! எடுத்துப் பார்த்தா உடம்பு ரெண்டாப் பிளந்து கிடக்கு. கம்பி ஓடுற நீளக் கழுத்து நல்லாயிருக்கு, கம்பி நல்லாயிருக்கு, கம்பி அதிர்றதைப் பிடிக்கிற காந்தப் பெட்டியும் நல்லாயிருக்கு. உடம்பு மட்டும்தான் போச்சு.

அவ வேற ஒண்ணு வாங்கிக்கக் கூடாதான்னு கேப்பே. கேட்டா சரிதான். ஆனா அவ இடதுகைக்காரியாச்சே. அவளுக்கு எல்லாமே கண்ணாடியில பார்த்த மாதிரி தலைகீழா இருக்கணும். கை கழுத்தோட அடி வரைக்கும் போறதுக்கு உடம்பைக் கீழ்ப்பக்கம் குடைஞ்சிருக்கிற இடம், சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு, எல்லாமே எதிர்ப் பக்கம். அந்த மாதிரி கிட்டார் அந்த ஊர்க் கடையில கிடையாது. சொல்லி வச்சா ரெண்டு மாசம் ஆகும்னுட்டான் கடைக்காரன். இரவல் கேக்கலாம்னா ஊர்ல மத்தவங்க எல்லாம் சோத்துக் கைக்காரங்க.

அப்போ குழுவோட தலைவரு, ஞானசிகாமணின்னு பேரு, அவருதான் பாடகரும், அவரு என்ன சொன்னாரு தெரியுமா?

"ஜெயக்கொடி, நம்ம அருளப்பன் கீபோர்டு வாசிக்கிறான்ல. வலது கையில பாட்டு வாசிக்கிறான், இடது கை பாதி நேரம் சும்மாதானே இருக்கு? அந்தக் கையாலேயே பேஸும் வாசிச்சுக்குவான். நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா."

பத்தொன்பது வருஷம் வாசிச்சவளுக்கு ரெஸ்டாம். அவ விடல. "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாண வரவேற்பு இருக்குல்ல? அதுக்குள்ள கிட்டாரோட வரேன்"னா. "வந்தா பார்ப்போம். வரலேன்னா இனிமே அந்தக் கைதான்"னாரு அவரு.

ம் சொல்லு.

"...ம்."

அப்புறம் ஜெயக்கொடி வீட்டுக்கு வந்தா. அவ வீட்டுக்காரரு பேரு சந்தனமாரி. டெய்லரு. ஜாக்கெட்டு தைப்பாரு. ஊர்ல அவரு தைச்ச ஜாக்கெட்டு போட்டவங்க வேற ஆள்கிட்ட போக மாட்டாங்க. அவரு உடைஞ்ச கிட்டாரை இப்படிப் பார்த்தாரு, அப்படிப் பார்த்தாரு. "உடம்புதானே? நான் வெட்டித் தரேன்"னாரு.

"நீங்க துணி வெட்டுறவரு."

"வெட்டுறது வெட்டுறதுதான்."

அரிசி மூட்டைக்கு அடியில ஒரு பலகை கிடந்துச்சு. ரெண்டு இஞ்சு கனம். மூட்டையைத் தரையில இறக்கிட்டு பலகையை எடுத்தாங்க. உடைஞ்ச உடம்பை ஒட்ட வச்சு, காகிதத்துல அளவு எடுத்து, பலகை மேல வரைஞ்சு, கரக் கரக்னு ரம்பம் போட்டாரு. டொக் டொக்னு உளி வச்சு, கழுத்து உக்கார்றதுக்குக் குழி எடுத்தாரு. சொர சொரன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சாங்க. ரெண்டு நாளு. பார்க்க லட்சணமா இருந்துச்சு.

கழுத்தைக் குழியில வச்சா, லொட லொட லொட லொட.

"இது ஏன் இப்படி ஆடுது?"

"அரை இஞ்சு கூட விட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"தையலுக்கு."

என்ன சிரிக்கிறே? அந்த மனுஷன் முப்பது வருஷமா தையலுக்குத் துணி விட்டே வெட்டினவரு. பின்னாடி உடம்பு பெருத்தா பிரிச்சு விடணும்ல. கிட்டாரு பெருக்காதுன்னு அவருக்கு யாரும் சொல்லல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. இவரு அளந்துதான் போட்டாரு, கூடக் கொஞ்சம் அளந்துட்டாரு. "உள்ள நாலு தையல் பிடிச்சுருவோமா?"ன்னு வேற கேட்டாரு. அவ பலகையைத் தூக்கி ஓரமா வச்சா. செவ்வாக்கிழமை போச்சு.

அரிசியில எறும்பு ஏறுச்சு. அது தனிக் கதை.

"ம்."

அப்புறம் ரெண்டாவது பலகை. கடை வாசல்ல ஒரு பெஞ்சு கிடந்துச்சு, ஜாக்கெட்டு வாங்க வர்றவங்க உக்கார்றதுக்கு. அதோட மேல் பலகையைக் கழட்டிட்டாங்க. அன்னிலேர்ந்து வந்தவங்க எல்லாம் நின்னாங்க. ஒரு அம்மா மட்டும் பழக்கத்துல உக்காரப் போயி, பொத்துன்னு விழுந்து, எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஜாக்கெட்டை வாங்கிட்டுப் போச்சு.

இந்தத் தடவை ஜெயக்கொடி பக்கத்துல நின்னு, "தையலுக்கு விடாதீங்க, தையலுக்கு விடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவரும் விடல. கரக் கரக். சரியா அளவுக்கு வெட்டினாரு. அவளுக்கு மனசு நிறைஞ்சு போச்சு. "நான் போயி வார்னிஷ் வாங்கிட்டு வந்துடறேன், நீங்க குழியை எடுங்க"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போனா. அங்கதான் தப்பு பண்ணினா.

திரும்பி வந்து பார்க்கிறா. கழுத்துக்குக் குழி, காந்தப் பெட்டிக்குக் குழி, திருகுக்கு ஓட்டை, எல்லாம் கச்சிதம். கழுத்தை வச்சா கிச்சுன்னு உக்காருது, ஒரு நூல் இடைவெளி இல்ல. காந்தப் பெட்டி, திருகு, கம்பி எல்லாம் பூட்டிச் சந்தோஷமாத் தூக்கித் தோள்ல மாட்டினா. கீழ இருக்க வேண்டிய குடைஞ்ச இடம் மேல வந்துருச்சு. திருகெல்லாம் முழங்கைக்கு அடியில வந்துருச்சு. டும்னு ஒரு தட்டு தட்டினா, முழங்கை திருகுல பட்டு சத்தம் செத்துப் போச்சு.

அது சோத்துக் கைக்காரன் கிட்டாரு.

"நீங்க எந்தப் பக்கம் கோடு போட்டீங்க?"

"உள்பக்கம்தான். துணின்னா உள்பக்கம்தானே சாக்பீஸ் போடணும். வெட்டிட்டு நல்ல பக்கத்துக்குப் புரட்டினேன்."

"புரட்டினா வலது இடதாயிடாதா?"

அவரு பலகையை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தாரு. "ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்"னாரு.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்றது இதைத்தான். குழி தோண்டினப்புறம் திரும்பத் தூர்க்கவா முடியும்? வியாழக்கிழமையும் போச்சு. ஜெயக்கொடி சோறு போட்டா, அவரு சாப்பிட்டாரு. அருளப்பனோட இடது கை இந்நேரம் எந்தப் பாட்டைப் பழகுதோன்னு அவளுக்கு ஒரே நினைப்பு. அந்தக் கைக்குக் காய்ச்சல் வராதான்னு கூட நினைச்சா. அப்புறம் பாவம்னு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டா.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

சரி. வெள்ளிக்கிழமை காலையில அவ எந்திரிச்சு வந்து பார்க்கிறா. சந்தனமாரி தன்னோட கட்டிங் டேபிள் மேல கிடந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சுக்கிட்டிருக்காரு. மாமரப் பலகை, நல்லா உலர்ந்தது. துணி வெட்டுறவனுக்கு அந்த டேபிள்தான் எல்லாமே. அதுல கத்திரி வைக்கிறதுக்குக் கூட வேற யாரையும் விட மாட்டாரு, கீறல் விழும்னு. அதைக் கழட்டிக்கிட்டிருக்காரு.

"அது வேண்டாங்க."

"வேற பலகை இல்ல."

"அப்புறம் நீங்க எதுல வெட்டுவீங்க?"

"தரையில."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா இந்தத் தடவை அவரு சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு அவளைப் பார்த்துக் கேட்டாரு. "எது நல்ல பக்கம்?" அவ காட்டினா. "கோடு எதுல போடணும்?" "இதுலயேதாங்க." "தையலுக்கு?" "வேண்டாம்." "கண்டிப்பா வேண்டாமா?" "கண்டிப்பா வேண்டாம்."

கரக் கரக். டொக் டொக். சொர சொர. அவ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். சனிக்கிழமை வார்னிஷ் அடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் பிசுபிசுன்னு இருந்துச்சு. ஃபேனைப் போட்டு, விசிறியால வீசி, ஊதிக் கூடப் பார்த்தாங்க. காயல. காயாமலேயே கழுத்தைப் பூட்டி, கம்பி மாட்டி, அவரு தைச்சுக் கொடுத்த தோள் வாருல கோத்துத் தூக்கிக்கிட்டுப் போனா.

அப்போ மண்டபத்துல ஞானசிகாமணி அவளைப் பார்த்தாரு, கிட்டாரைப் பார்த்தாரு. "முதல் பாட்டு அருளப்பன் கை. ரெண்டாவது பாட்டு நீ. கேட்டுட்டு அப்புறம் சொல்றேன்"னாரு.

முதல் பாட்டு. அருளப்பனோட இடது கை நல்லாத்தான் ஆரம்பிச்சுச்சு. ஆனா சரணத்துல வலது கைக்கு வேலை ஜாஸ்தி. வலது கை ஓடுச்சா, இடது கையும் பின்னாலேயே ஓடுச்சு. பாட்டு தடதடதடன்னு ஓடுது, ஞானசிகாமணி வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி ஓடிப் பிடிச்சுப் பாடி முடிச்சாரு. மூச்சு வாங்குது.

ரெண்டாவது பாட்டு. ஜெயக்கொடி தோள் வாரை இழுத்து விட்டுக்கிட்டா. அப்புறம் டும்... டும்... டுடும்... ஒவ்வொண்ணும் வைக்க வேண்டிய இடத்துல வச்சா. ஞானசிகாமணி நிதானமா மூச்சு எடுத்தாரு. நிதானமாப் பாடினாரு. ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தாரு. சாப்பிடுற ஜனங்க நிமிர்ந்து கூடப் பார்க்கல, அவங்களுக்குப் பாயசம் வந்துருச்சு. அருளப்பன் மட்டும் சும்மா கிடந்த கையால முதுகைச் சொறிஞ்சுக்கிட்டான்.

பாட்டு முடிஞ்சுது. இப்போ சொல்லுவாரு, இப்போ சொல்லுவாருன்னு அவ நின்னா. அவரு மூணாவது பாட்டு ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் நாலாவது. அப்புறம் அஞ்சாவது. பதினாலு பாட்டு. கடைசியில ஒயரு சுத்துற நேரத்துல அவ பக்கத்துல போயி நின்னா.

"அண்ணே, அப்புறம் சொல்றேன்னீங்களே."

"எதை?"

அவரு மறந்தே போயிட்டாரு. "நாளைக்குப் பழனியில கச்சேரி. வேன் அஞ்சரைக்கு வந்துரும். லேட் பண்ணிடாதே"ன்னு சொல்லிட்டு ஒயரைச் சுத்தப் போயிட்டாரு.

ஜெயக்கொடி மண்டபத்து வாசலுக்கு வந்தா. அங்க சந்தனமாரி சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "வேன் அஞ்சரைக்காம்"னு சொல்ல வந்தா. சொல்ல முடியல. குபுக்குன்னு அழுகை வந்துருச்சு. அத்தனை நாளா அழாதவ, தேம்பித் தேம்பி அழறா.

அந்த மனுஷனுக்கு முகமே வெளுத்துப் போச்சு. சைக்கிளைப் போட்டுட்டு கிட்டாரைத் தூக்கிப் பார்க்கிறாரு, கழுத்தை ஆட்டிப் பார்க்கிறாரு. "எங்க லூசா இருக்கு? சொல்லு, பிடிச்சுருவோம்"ங்கிறாரு.

"எங்கயும் இல்லைங்க. சரியா இருக்கு"ன்னா அவ.

கேட்டியா? கேக்கலையா? ம் காணோமே.

சரி, கதையை வெட்டியாச்சு, நூலை அறுத்தாச்சு. புரண்டு படு கண்ணு.