மயிலிட்டி நீலம்

“திரும்பவும் வெடிச்சிட்டுது, ரீச்சர்.”

நாகேந்திரம் துண்டுகளை மேசையில் வைத்தார். ரீச்சர் தேனுகாவுக்கு அவருடைய மகளின் வயது. டென்மார்க்கிலேயே பிறந்து, கண்ணாடியில் சிற்பம் செய்கிறவள். அவளிடம் கண்ணாடி வேலை படிக்க வந்த இடத்தில் வயதென்ன வயது என்று அவர்தான் ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்.

“ஊர்க் கண்ணாடியும் இந்த நாட்டுக் கண்ணாடியும் சூளைக்குள்ளை நல்லா ஒட்டுது. சூடு ஆறேக்கைதான் வெடிக்குது.”

“ரெண்டும் ஒரே அளவிலை சுருங்காது, அங்கிள். ஒண்டை மற்றது இழுக்கும்.”

“அப்ப வழியே இல்லையோ?”

“எவ்வளவு மிச்சம் இருக்கு?”

உள்ளங்கையளவு இருந்தது. தன் ஊரான மயிலிட்டியில், போரில் இடிந்து கிடந்த வீட்டில், கல்லைப் புரட்டி அவர் எடுத்து வந்த ஜன்னல் கண்ணாடி. நல்ல நீலம். அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். கட்டிப் பழசான சாரத்துண்டில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைப் போலக் கொண்டு திரிந்தார். அதை நடுவில் வைத்து ஒரு ஜன்னல் செய்து மாட்டிவிட வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே இல்லை.

“தாங்கோ.”

கொடுத்தார்.

தேனுகா அதைச் சாரத்துண்டோடு மேசையில் வைத்தாள். சுத்தியலை எடுத்தாள். ஓங்கி அடித்தாள்.

நாகேந்திரம் மேசையை நோக்கிப் பாய்ந்தார். அவள் திரும்பவும் அடித்தாள்.

“உனக்கென்ன விசரோ!” ரீச்சரெல்லாம் காற்றில் போய்விட்டது. “செல்லடிக்கே தப்பினதடி இது!”

அவள் நொறுங்கியதை அள்ளி நிறமில்லாத கண்ணாடி ஒன்றின் மேல் தூவினாள். இன்னொரு கண்ணாடியால் மூடிச் சூளைக்குள் தள்ளினாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தார். சூளை ஆறிவிட்டது என்று தேனுகா கூப்பிட்டதும் முதல் பஸ்ஸில் வந்து நின்றார்.

கண்ணாடி வெடிக்கவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் பொட்டுகள்.

“முழுசா வைச்சாத்தான் வெடிக்கும், அங்கிள். சின்னனாப் போனா தாங்கும்.”

“இதிலை என்ரை வீடு எங்கை பிள்ளை?” அழுதேவிட்டார்.

“அந்த வீட்டிலை இருந்த ஆக்கள் இப்ப எங்கை?”

இதென்ன கேள்வி என்று எரிச்சலோடுதான் சொல்லத் தொடங்கினார்.

“அண்ணை கனடாவிலை. சின்னக்கா பாரிஸிலை. அம்மா திருச்சியிலை, பெரியக்காவோடை. நான் இஞ்சை...”

விரல் தன்பாட்டில் ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக்கொண்டு போனது. அதை அவர் அப்போதுதான் கண்டார். திடுக்கிட்டுப் போனார்.

“தம்பி எண்டு ஒருத்தரைச் சொல்லுவீங்களே, அவர்?” என்றாள் தேனுகா.

விரல் நீலமில்லாத இடத்தில் போய் நின்றது.