மணல்மேடும் ஒரு கரண்டி ரசமும்

கடற்கரையோரம் புது பங்களா கட்டிய தண்டபாணி முதலாளிக்கு ஒரே ஒரு குறை. கூடத்தில் உட்கார்ந்தால் கடல் தெரியவில்லை. தாழம்புதர் மண்டிய மணல்மேடு மறைத்தது.

"நாளைக்கே மேட்டை வெட்டிச் சமமாக்குங்கடா!" என்றார்.

அதைக் கேட்டுச் சமையல்காரி செங்கமலம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் குப்பமும் அந்த மேட்டுக்குப் பின்னால்தான் இருந்தது.

"புயல் வந்தா அந்த மேடுதாங்க ஐயா நம்மளக் காப்பாத்தும்."

"எங்கே, நான் சாப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள அதை எனக்குப் புரியவை, பார்ப்போம்!" என்று சிரித்துக்கொண்டே தரையில் இலை முன் உட்கார்ந்தார் அவர்.

செங்கமலம் வாதாடவில்லை. சோறு போட்டாள். ரசத்துக்காக அவர் சோற்றைக் குவித்துக் குழி பறித்ததும், அதைக் கரண்டியால் தட்டிச் சமமாக்கினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"மேடு மறைக்குதுன்னீங்களே ஐயா" என்றபடி ரசத்தை ஊற்றினாள். அது இலையைத் தாண்டி ஓடி அவர் வேட்டியை நனைத்தது.

துள்ளி எழுந்தவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சுடவே இல்லையே?"

"உங்களுக்குச் சுட்டுடக் கூடாதுன்னு ஆற வச்சுத்தான் கொண்டாந்தேன். கடலுக்கு அந்த அக்கறை இருக்காதுங்க ஐயா."

முதலாளி மெல்ல இலை முன் உட்கார்ந்தார். சோற்றைத் தன் கையாலேயே மறுபடி குவித்தார்.

"இப்ப ஊத்தும்மா."