திருப்பிப் பார்க்காத சீட்டு

திருச்செங்கோட்டில் இணையப் பெயர் விற்கிற ஒரு பெண் இருந்தார். மங்கையர்க்கரசி. வயது முப்பத்தொன்பது. முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றது.

அவருடைய தொழில் இதுதான். செங்கல், பல்வலி, பந்தல் என்று எல்லார் வாயிலும் புரளும் சொற்களை இணைய முகவரியாகத் தன் பெயரில் பதிந்து வைப்பார். வருஷா வருஷம் வாடகை கட்டுவார். என்றைக்காவது ஒருவர் அந்தச் சொல் வேண்டுமென்று வருவார். வந்தால் விற்பார். வராவிட்டால் கட்டின வாடகை போச்சு.

அவரிடம் மூன்று மாதமாக ஒரு சீடர் வந்துகொண்டிருந்தார். அர்த்தநாரி. வயது ஐம்பத்துநாலு, டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டு போர்வெல் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். தொழில் கற்க வருவதாகச் சொல்லிக்கொண்டார். வந்தது வேறு காரியத்துக்கு. அது டீச்சருக்கும் தெரியும்.

அந்தக் காரியத்தின் பெயர் மாரப்பன்.

மாரப்பன் ஒரு காலத்தில் அர்த்தநாரியின் வண்டியில் ராடு மாட்டிக் கொடுத்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் 'போர்வெல்' என்ற வெறும் சொல்லை இணைய முகவரியாக டீச்சரிடம் விலைக்கு வாங்கினான். கூட ஊர்ப் பெயர் இல்லை, சாமி பெயர் இல்லை, அப்பன் பெயர் இல்லை. அன்றைக்கு டீக்கடையில் உரக்கச் சிரித்தவர் அர்த்தநாரிதான். இன்றைக்கு மாரப்பனுக்கு ஆறு வண்டி.

ஒரு சனிக்கிழமை காலை. அர்த்தநாரி செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"டீச்சருங்க, இன்னைக்குப் பாடம் வேண்டாமுங்க. ஒரே கேள்வி. மாரப்பன் வெச்சிருக்கற பேருக்கு இன்னைக்கு என்ன விலை?"

"அவர் விக்கறேன்னு சொன்னாருங்களாண்ணா?"

"அவன் எங்க சொல்லுவான்? நாற்பது லட்சத்தை முன்னால வெச்சாச் சொல்லுவான். நீங்கதான் போய்ப் பேசணும்."

"நாற்பது லட்சம் இருக்குதுங்களா?"

"சாயங்காலம் இருக்கும். நெல்லூர்க்காரர் ஒருத்தர் லாட்ஜில உட்கார்ந்திருக்கார். என்ற புது வண்டியைக் கேக்கறார். அஞ்சு மணிக்குள்ள சரின்னு ஒரு சொல் சொன்னாப் போதும். பணத்தைக் கொடுத்துட்டு ஓட்டிட்டுப் போயிருவார்."

"அந்த வண்டியில எத்தனை பேருங்க வேலை செய்யறாங்க?"

"பதினோரு பேரு. மச்சினன்தான் பாத்துக்கறான்."

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

அர்த்தநாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சொல்லிக்கலாம்."

டீச்சர் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மாரப்பனோட பக்கத்தைத் தினமும் போய்ப் பாக்கறீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்?"

"பாக்கறீங்களா?"

"காலையில பல்லு விளக்கறதுக்கு முந்தி ஒருக்கா. சாப்பிட்டு ஒருக்கா. படுக்கப் போறப்ப ஒருக்கா. அதெல்லாம் ஒரு கணக்கா?"

"கணக்கு அதுதானுங்க. ஒரு பேரைத் தட்டிட்டு எத்தனை தலை உள்ளே வருதுன்னு எண்ணித்தான் இந்தத் தொழில்ல விலை. அவரு பேருக்கு மாசம் தொண்ணூறு தலை நீங்க குடுக்கறீங்க."

அர்த்தநாரி டம்ளரை நங்கென்று வைத்தார்.

"அவன் என்னத்தைப் பெருசாப் போட்டுட்டான் சொல்லுங்க. அவன் போடறதும் ஆறரை இன்ச்சு துளை, நான் போடறதும் ஆறரை இன்ச்சு துளை. அதே கம்ப்ரஸர். அதே பிட்டு. எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவன் கூப்பிடறவனுக்கு நமஸ்தேங்கறான். ராஜஸ்தான்ல இருந்து கூப்பிடறான், ஒடிசாவுல இருந்து கூப்பிடறான். எனக்குப் பக்கத்து மல்லசமுத்திரத்துக்காரன் கூப்பிட்டு அடிக்கு அஞ்சு ரூபாய் கொறைங்கறான். வெறும் ஒரு சொல்லுதானுங்க. ஒத்தைச் சொல்லை வெச்சுக்கிட்டு அவன் வாசலுக்குக் கிரானைட்டு போட்டுட்டான்."

"என்ன கலர் கிரானைட்டுங்க?"

"கறுப்பு. நடுவுல சிவப்புல தாமரை."

டீச்சர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

வாங்க வருகிற எல்லாருக்கும் அவர் இப்படித்தான் காட்டுவார். சீட்டின் முன்பக்கம் பெயர். பின்பக்கம் ஓர் எண். அந்தப் பெயரைத் தாங்களாகவே தட்டிக்கொண்டு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண். இந்த மூன்று மாதத்தில் அர்த்தநாரி பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை இதைப் பார்த்திருக்கிறார். வந்தவர்கள் சீட்டைத் திருப்ப மறந்தால் அவரே சைகை காட்டியதும் உண்டு.

"மாரப்பன் பேரு கிடைக்காதுங்கண்ணா. உங்க தொழில்ல என்கிட்ட இந்த மூணும் இருக்குது. பாருங்க."

முதல் சீட்டில் 'போர் கிளீனிங்' என்று இருந்தது.

"தூர்ந்துபோன போர்ல சேறு எடுக்கற வேலை. சில்லறை. அதுக்கா என்ற வண்டி?"

இரண்டாவது 'நீரோட்டம் பார்த்தல்'.

"உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள நடக்கறானே, அவனுக்கு வித்துருங்க."

மூன்றாவது 'ஆழ்துளை'.

அர்த்தநாரி வாய்விட்டுச் சிரித்தார். "இதை யாருங்க சொல்லுவா? பேப்பர்க்காரன் எழுதுவான். கலெக்டர் ஆபீஸ்ல எழுதுவான். தோட்டத்துக்காரன் எவனாச்சும் 'அண்ணா, ஒரு ஆழ்துளை போடோணும்'னு கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீச்சருங்க, இதுக்குப் போய் வாடகை கட்டறீங்களா?"

"சரிங்கண்ணா," என்றார் டீச்சர்.

அவர் மூன்றாவது சீட்டின் மேல் விரலை வைத்து ஓரங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அர்த்தநாரியின் சிரிப்பு நின்றது.

"அதை மட்டும் ஏன் இழுத்தீங்க?"

டீச்சர் டீயைக் குடித்தார்.

"யாரோ கேட்டிருக்காங்க," என்றார் அர்த்தநாரி.

"யார் கேட்டாங்க, யார் கேக்கலைங்கறதை இந்தத் தொழில்ல வெளிய சொல்லக்கூடாதுங்க. முதல் நாளே சொல்லியிருக்கேன். ஆள் இன்னாருன்னு தெரிஞ்சா விலை கெட்டுப்போகும்."

"அப்பக் கேட்டிருக்கான்."

"நான் அப்படிச் சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலை. மாரப்பன்தானே?"

அர்த்தநாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சீட்டின் மேல் இருந்த அந்தச் சொல்லை இன்னொரு தடவை வாசித்தார். மெதுவாக, உதடு அசைய.

"பேரு நல்லாத்தான் இருக்குது," என்றார். "சுத்தத் தமிழு. கம்பீரமா இருக்குது. பேப்பர்ல இதைத்தானே எழுதறான்? கலெக்டர் ஆபீஸ்லயும் இதுதான். அரசாங்க வேலை பூராவும் இந்தப் பேர்லதான் வரும். திருட்டுப்பய, அதைத்தான் பிடிச்சிருக்கான். ரெண்டு லட்சம்."

டீச்சர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"மூணு."

டீச்சர் இழுப்பறையைச் சாத்தினார்.

"அவன் எவ்வளவு சொன்னான்? சொல்ல மாட்டீங்க. அஞ்சு வெச்சுக்குங்க."

"அண்ணா—"

"ஏழு."

அர்த்தநாரி பேரம் தெரியாதவர் இல்லை. ஒரு செட் பிட்டுக்கு மூன்று வாரம் இழுத்தடித்து விலையைக் குறைத்தவர். எதிராளி வாய் திறக்கும் முன்னால் தன் விலையைத் தானே ஏற்றுகிறவனைக் கண்டால் எழுந்து நின்று திட்டுவார். ஆனால் அன்றைக்கு அவருக்கு எதிரே டீச்சர் இல்லை. கறுப்புக் கிரானைட்டு வாசலில் மாரப்பன் உட்கார்ந்திருந்தான்.

"பதினொண்ணு!" என்று மேசையைத் தட்டினார். "முடிஞ்சுதுங்க. அவன் பன்னெண்டு சொன்னா நான் பதிமூணு. இது அவன் கைக்குப் போகக்கூடாது. அந்த நாற்பது அப்புறம். முதல்ல இது."

போனை எடுத்து நெல்லூர்க்காரரைக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஆமாங்க, அர்த்தநாரிதான் பேசறேன். வண்டி விஷயமா—"

டீச்சர் சீட்டை அவர் கையடியில் நகர்த்தினார். "சொல்லறதுக்கு முன்னால திருப்பிப் பாத்துருங்கண்ணா."

"ஒரு நிமிஷமுங்க," என்று போனில் சொல்லிவிட்டு அர்த்தநாரி சீட்டைத் திருப்பினார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்து, "அப்புறம் பேசறனுங்க," என்று அணைத்தார்.

"நாலாயிரமா?"

"நாலு."

"நாலுன்னா?"

"நாலு பேருங்க. அதுல ரெண்டு தடவை நான். பேரு ஒழுங்காத் திறக்குதான்னு தட்டிப் பாப்பேன்."

நாற்காலி பின்னால் விழுந்தது. அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார்.

"மாரப்பன் கேட்டான்னு சொன்னீங்களே!"

"எப்பச் சொன்னேன்?"

"சீட்டை இழுத்தீங்களே!"

"ஃபேன் காத்துல பறக்கப் பாத்துதுங்க."

அர்த்தநாரி மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"என்ற வயசுக்குக் கூட மரியாதை இல்லீங்களா? என்னை வெச்சு ஆட்டம் காட்டறீங்களா? இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தா வண்டி போயிருக்குமே! பதினோரு குடும்பமுங்க!"

"ஆமாங்கண்ணா. இந்தப் பேரைப் போன மாசம் எண்ணூறு ரூபாய்க்குப் பதிஞ்சேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. விலை சொன்னது யாருங்க?"

அர்த்தநாரி கோபத்தோடு மற்ற இரண்டு சீட்டையும் புரட்டிப் போட்டார். நீரோட்டத்தின் பின்னால் அறுநூற்று நாற்பது. போர் கிளீனிங்கின் பின்னால் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தபடியே நின்றார்.

"இது நிஜமுங்களா?"

"புதுசாப் போடக் காசு இல்லாதவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. போட்டது தூர்ந்துபோச்சு, யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியாது. அவங்கதான் வெறும் சொல்லைத் தட்டுவாங்க. உங்களைத் தெரிஞ்சவங்க உங்களுக்கே போன் போட்டுருவாங்க. வெறும் சொல்லுக்கு வர்றவங்களுக்கு யாரையும் தெரியாது. அதனாலதான் அதுக்கு விலை."

அர்த்தநாரி நாற்காலியைத் தூக்கி நிறுத்தி உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"மாரப்பன் வந்தப்பவும் இப்படித்தான் சீட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"திருப்பினானா?"

"திருப்பினார். எண்ணைப் பாத்தார். முகம் வெளுத்துப்போச்சு. வாங்காம எந்திருச்சுப் போயிட்டார்."

"போயிட்டானா?" அர்த்தநாரியின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது.

"ரெண்டு நாள் கழிச்சு வந்தார். ஒரு கேள்வி கேட்டார். 'டீச்சருங்க, இத்தனை பேரு கூப்பிட்டா எங்க வீட்ல போனை எடுக்கறது யாருங்க?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது உங்க பாடுன்னேன். திரும்பிப் போனார். அவரு சம்சாரத்துக்கு இந்தி சொல்லிக் குடுக்க ஓர் ஆள் வெச்சார். எட்டு மாசம். அந்தம்மா தட்டுத்தடுமாறாமப் பேசற வரைக்கும் பேரை வாங்கலை. போன்ல நமஸ்தேங்கறது மாரப்பன் இல்லீங்க. அந்தம்மாதான் எடுக்கறாங்க, இப்பக் கூட ஆளும் வெச்சிருக்காங்க. துளை போட வேண்டாம், மோட்டாரை மட்டும் மாத்துங்கன்னு பாதிப் பேரை அவங்களே திருப்பி அனுப்பிடறாங்க."

போன் அடித்தது. நெல்லூர்க்காரர்.

அர்த்தநாரி நாலு தடவை மணி அடிக்கவிட்டு எடுத்தார்.

"வண்டி இல்லைங்க… இல்லைங்க, விலையைப் பத்தி இல்லை. ஏத்திக் குடுத்தாலும் இல்லை. விக்கறதில்லைங்க. மச்சினன் ஓட்டறான்… ஆமாங்க, உங்களைக் காக்க வெச்சது தப்புத்தான். லாட்ஜ் வாடகை நான் குடுத்தறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்ற சீட்டைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். வெளியே ஒரு லாரி போயிற்று. அது யாருடைய வண்டி என்று பார்க்க ஜன்னல் பக்கம் கழுத்து திரும்பியது. திரும்பின கழுத்தைத் தானே இழுத்துக்கொண்டார்.

"டீச்சருங்க."

"சொல்லுங்கண்ணா."

"அந்தக் கேள்வி… போனை எடுக்கறது யாருன்னு… அதை அவனா யோசிச்சுக் கேட்டானா? இல்லை, யாராச்சும் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?"

டீச்சர் மூன்று சீட்டையும் அடுக்கி இழுப்பறைக்குள் வைத்தார்.

"அதுக்கு எத்தனை லட்சம் வெச்சிருக்கீங்கண்ணா?" என்றார்.