உடைப்பு வழி

"எல்லாரும் கடைசிப் பக்கத்துல இருந்து வாசிக்காங்க, மேஜரம்மா. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் அரிகரபுத்திரன். சேவற்கோட்டைப் பள்ளியில் சரித்திரம் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஊரோரம் இடிந்து கிடந்த பழைய கோட்டையைச் சரித்திரப் பூங்காவாக்க வேண்டும் என்று மனு மேல் மனு போட்டு, ஒருவழியாகச் சாதித்துவிட்டவர்.

மேஜர் ஜெபராணி ராணுவப் பொறியாளர். அரிகரபுத்திரனுக்கு மகள் வயதுதான். பக்கத்து ஆற்றில் பாலம் போடும் பயிற்சிக்காகப் படையோடு வந்தவர், பூங்கா வேலைக்கும் கை கொடுத்தார்.

"வயசுல நீங்க எனக்கு மக. கட்டுமான விஷயத்துல குரு" என்று அரிகரபுத்திரன் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் ஆயுள் முழுக்க வாத்தியாராக இருந்தவர் சீடனாவது லேசான காரியமா? கேள்வியும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

அன்றைய புகார் இதுதான். பூங்காவின் தலைவாசலில் ஆரம்பித்து, பாதை நெடுக அவர் சரித்திரப் பலகைகள் நட்டிருந்தார். முதல் பலகையில் கோட்டை கட்டப்படும். நடுவில் ராஜாக்கள் வருவார்கள், போவார்கள். கடைசிப் பலகையில் கோட்டை விழும். அந்தக் கடைசிப் பலகை நின்ற இடத்தில் மதிலில் ஒரு பெரிய உடைப்பு. என்றோ பீரங்கி போட்ட ஓட்டை.

ஊர்க்காரர்களுக்கு அதுதான் வழி. சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆடுகள், எல்லோரும் உடைப்பில் நுழைந்து குறுக்கே நடந்து போய்விடுவார்கள். ஒருவரும் முதல் பலகையைப் பார்த்ததில்லை.

மேஜர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எங்க ஆளுங்க எந்தக் கோட்டைக்குள்ளயும் வாசல் வழியா போனதில்ல, சார்."

இதை அரிகரபுத்திரன் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மரியாதைக்குச் சிரித்தார். பிறகு, வழக்கம்போல, பதிலை அவரே சொன்னார்.

"உடைப்பை அடைச்சிருங்க."

"சரி, சார்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்வாதத்துக்காக வீட்டில் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று.

ஜவான்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மதில் ஆளுயரம் எழும்பிவிட்டது. சாந்து பூசவில்லையே என்று அரிகரபுத்திரன் சந்தேகப்பட்டார். நிற்கும் என்றார் மேஜர்.

நின்றது.

மறுநாள் காலை சலவை வேட்டியும், பலகைகளைச் சுட்டிக்காட்ட ஒரு குச்சியுமாக அரிகரபுத்திரன் தலைவாசலில் காத்திருந்தார்.

ஒரு ஆடு வந்தது. முதல் பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. போய்விட்டது.

ஊர் மொத்தமும் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போனது. மீன்காரி சவரியம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, அடைத்தவன் யாராக இருந்தாலும் அவன் குடும்பம் இப்படித்தான் வெயிலில் சுற்றவேண்டும் என்று உரக்க வாழ்த்திவிட்டுப் போனாள். அது உள்ளே தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் நாளும் யாரும் வரவில்லை.

இது வெறும் மனவருத்தத்தோடு போகிற விஷயமில்லை. பூங்காவுக்குக் கிடைத்திருந்தது தற்காலிக அனுமதிதான்; வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. பூங்காவில் ஆள் நடமாட்டம் இருந்தால் இடம் பூங்காவுக்கு. இல்லாவிட்டால் பஸ் பணிமனைக்கு. குறுக்கே போனவர்களும் அதிகாரி கணக்கில் வந்தவர்கள்தான். அரிகரபுத்திரன் கணக்கில்தான் அவர்கள் சேரவில்லை.

வியாழக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துவிட்டார். நேரே ஆற்றங்கரைக்குப் போனார்.

அங்கே ஜவான்கள் இரும்புப் பாலத்தின் முளைகளைத் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தமும் சுத்தியல் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"நேத்துதானே இந்தப் பாலத்தைப் போட்டீங்க?"

"ஆமா, சார்."

"நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் பிரிக்கீங்க?"

"எல்லாரும் அந்தப் பக்கம் போயாச்சு" என்றார் மேஜர்.

அரிகரபுத்திரன் கழற்றுகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவன் முகத்திலும் வருத்தமில்லை. போடும்போது பாடிய பாட்டைத்தான் பிரிக்கும்போதும் பாடினார்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, கேள்வியை மட்டும் கேட்டார்.

"நான் என்ன செய்யணும், மேஜரம்மா?"

ஜெபராணி லாரிப் பக்கம் போனார். ஒரு கடப்பாரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"நானா?"

மேஜர் ஜீப்பில் ஏறி, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

மதிலருகே போனதும் அரிகரபுத்திரன் கேட்டார், "சாந்து வைக்காதது இதுக்குத்தானா?"

"கல்லு கால்ல விழாம பாத்துக்கோங்க, சார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினார். முதல் கல் அசைந்து கொடுத்தது. இரண்டாவது கல் தானாகவே சரிந்தது. அதற்கப்புறம் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜவான்கள் நாலுபேர் வந்து சேர்ந்தும் கடப்பாரையை விட்டுக்கொடுக்கவில்லை.

புழுதி அடங்கியபோது அந்தப் பக்கம் சவரியம்மாள் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தைக்குப் புறப்பட்ட கூட்டம். சத்தம் கேட்டு ஓடிவந்த பிள்ளைகள் வேறு.

கல்லை ஒதுக்கி முடிக்கும்வரை யாரும் உள்ளே வர முடியாது. சும்மா நிற்கவேண்டியதுதான். சவரியம்மாள் கூடையை இறக்கிவைத்தாள். உடைப்பு வழியாகக் கண் எதிரே கடைசிப் பலகை தெரிந்தது. வேறு வேலையில்லாததால் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இவ்விடத்தில் மதில் உடைக்கப்பட்டது. அத்துடன் கோட்டை வீழ்ந்தது."

பலகையைப் பார்த்தாள். கடப்பாரையும் புழுதியுமாக நின்ற தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் சார்தான் உடைச்சீங்களோ?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜவான்களும் சிரித்தார்கள். அரிகரபுத்திரனுக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

வழி திறந்தது. எல்லோரும் உள்ளே வந்தார்கள். வழக்கம்போலக் குறுக்கே போகக் காலெடுத்துவைத்த சவரியம்மாள் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நிற்கவேண்டியதாயிற்று.

"நெசமாவே கேக்கேன் சார். யாரு உடைச்சது? உள்ள இருந்தவுக என்ன ஆனாவ?"

அரிகரபுத்திரன் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் வகுப்பில் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"முந்தின பலகையில போட்டிருக்கு, தாயி. வாங்க, பாப்போம்" என்று சொல்லி, தலைவாசலைப் பார்த்து நடந்தார்.