மூக்குத்தி இல்லாத சித்திரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடம்ப நாட்டை மாணிக்கராயன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். நல்லவன்தான். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவான். யாராவது சகுனம் என்று சொன்னதை மட்டும் மறக்கவே மாட்டான்.

ஒருநாள் சித்திரக்காரன் குழந்தைசாமியைக் கூப்பிட்டு, "இந்த நாட்டிலேயே லட்சணமான பெண் யாரோ, அவளை வரைந்து வா. கொலுமண்டபத்தில் மாட்ட வேண்டும்" என்றான்.

இதைக் கேட்டதும் தில்லைநாயகத்துக்கு வாயெல்லாம் பல். ராசாவின் ஆடை அலங்காரத்தைக் கவனிக்கும் பெரிய உத்தியோகஸ்தர் அவர். தம் மகளைத்தான் வரையப்போகிறான் என்று அவளுக்குப் புதுப்பட்டே எடுத்துவிட்டார். குழந்தைசாமியோ அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

படம் வந்தது. துணியை விலக்கினால், ஓர் அடுக்களை! கரிபிடித்த சுவர், கொதிக்கிற உலை, உறியில் மோர்ச்சட்டி. நடுவில் ஒரு பெண் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்குகிறாள். யாரோ கூப்பிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். கோபமா, சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம். சபையில் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

"யார் இவள்?" என்றான் ராசா.

"என் வீட்டுக்காரி பொன்னாத்தாள், மகாராசா. ஊர் ஊராக எத்தனையோ அழகான முகங்களைப் பார்த்தேன். எல்லாம் வழியில் பார்த்தவை. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் இது ஒன்றுதான்."

தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. "அரசே, மூக்கைப் பாருங்கள்! மூக்குத்தி எங்கே? ஒரு சுமங்கலி மூளி மூக்கோடு இருந்தால் புருஷன் உயிருக்கே ஆகாது. இதைச் சபையில் மாட்டினால், நாட்டுக்கே நாயகரான தங்களுக்கு..."

ராசாவின் முகம் வெளுத்தது. "பொழுது சாய்வதற்குள் மூக்குத்தி வரைந்துவிடு. இல்லாவிட்டால் உன் கட்டைவிரல் இருக்காது!"

குழந்தைசாமி படத்துக்கு முன்னால் வந்து நின்று கைகூப்பினான். "சின்ன வயதில் மூக்குக் குத்த வந்தபோது அழுது ஓடிவிட்டாளாம், மகாராசா. வீட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கல்லை வைத்தாலும் இவள் வேறு யாரோ ஆகிவிடுவாள். விரலையே எடுத்துக்கொள்ளுங்கள்."

அமைச்சர் உலகநாதர் மெல்ல எழுந்தார்.

"தில்லைநாயகம், உங்கள் வீட்டம்மாளுக்கு மூக்குத்தி உண்டா?"

"என்ன கேள்வி இது! வலது மூக்கில் ஏழுகல் பேசரி. வீட்டுக்குள் விளக்கே வேண்டாம்!"

"நிச்சயமாக?"

"இல்லையென்றால் இந்தத் தலைப்பாகையை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்."

பல்லக்குப் போனது. தில்லைநாயகத்தின் மனைவி வள்ளியம்மை வந்து நின்றார். மூக்கில் பேசரியும் இல்லை, பொட்டுக் கல்லும் இல்லை.

"எங்கேடீ பேசரி?" என்று அலறினார் தில்லைநாயகம்.

"அது எந்தக் காலத்திலோ ஆற்றில் குளிக்கும்போது போயிடுச்சுங்களே. துளைகூடத் தூர்ந்துபோச்சு. அன்னைக்கே உங்ககிட்ட அழுதுகிட்டே சொன்னேன். 'ம்'னு சொன்னீங்க."

உலகநாதர் ராசாவிடம் திரும்பினார். "மூளி மூக்கு புருஷனுக்கு ஆகாதாம், அரசே. இதோ, புருஷன் குத்துக்கல்லாட்டம் நிற்கிறார். தெரியாத சகுனத்துக்குத் தெரிந்த விரலை வெட்டலாமா?"

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். குழந்தைசாமிக்குப் பொற்காப்புப் போட்டு, படத்தைச் சிம்மாசனத்துக்கு எதிரிலேயே மாட்டச் சொன்னான். தில்லைநாயகம் தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். வள்ளியம்மைதான் அதை எடுத்துத் தூசி தட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். பாவம், அந்த அம்மாளுக்குப் புருஷன் மேல் கோபம்கூட வரவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த ராசா சட்டென்று நிறுத்தினான். ஏதோ யோசித்தான். யோசிக்க யோசிக்க வியர்த்தது. அமைச்சர் காதருகே குனிந்து, "உலகநாதரே, ராணியின் மூக்குத்திக் கல் சிவப்பா, வெள்ளையா?" என்று கேட்டான்.

"அது எனக்குத் தெரிந்திருந்தால் என் தலை இருக்குமா, அரசே?"

அன்றைக்குச் சபை சீக்கிரமே கலைந்தது. ராசா நேரே அந்தப்புரத்துக்குப் போனான். ராணி சன்னல் பக்கம் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். வெள்ளைக்கல். மூக்கின் ஓரத்தில் ஒரு சின்ன மச்சமும் இருந்தது. கலியாணமான நாளிலிருந்து அதை அவன் பார்த்ததே இல்லை. மனசு என்னவோ செய்தது.

"தேவி, இந்த மூக்குத்தி உனக்கு ரொம்ப அழகு" என்றான்.

ராணி பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ம்."